கோலுக்குப் பின்னால் 35 மீட்டர்

உலகக் கோப்பை வந்துவிட்டால் புதுச்சேரியில் எந்த மாடியில் எந்தக் கொடி பறக்கிறது என்பதை வைத்தே அந்த வீட்டுக் கதையைச் சொல்லிவிடலாம். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் வழிவந்து பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் சொல்தா குடும்பங்களில் பிரான்சின் மூவண்ணக் கொடி. மீனவக் குப்பங்களில் பிரேசில், அர்ஜென்டினா. எங்கள் தெருவில் ஒரு சொல்தா மாமா இருக்கிறார். வர்ணனையைப் பிரெஞ்சில்தான் கேட்பார், கோல் விழுந்தால் மட்டும் தமிழில் கத்துவார். 2022 இறுதி ஆட்டத்தில் 80, 81-ஆவது நிமிடங்களில் பிரான்சின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டபோது அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது. அப்புறம் பெனால்டியில் தோற்றதும் டிவியை அணைத்துவிட்டு யாரோடும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

இவ்வளவு கால்பந்துப் பித்து உள்ள ஊர் இது. உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இருக்கிறது, நல்ல இடம்தான். ஆனால் அது எல்லா விளையாட்டுக்கும் பொதுவானது. கேலரியில் உட்கார்ந்து ஒரு பெரிய கால்பந்து ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் பேருந்து ஏறத்தான் வேண்டும். நானும் ஏறிக்கொண்டே இருக்கிறேன்.

நான் நேரில் பார்த்த ஆட்டங்களிலேயே பெரியது 2018 மார்ச் 17-ல் பெங்களூரு கண்டீரவா அரங்கத்தில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டம். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் போய் இறங்கினோம். ஊர் நடுவில் கப்பன் பூங்காவை ஒட்டி அரங்கம். மரநிழலில் நடந்தே போய்விடலாம். ஒரு விளையாட்டரங்கம் இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி கோல் போட்டார். மொத்த அரங்கமும் அவர்கள் பக்கம். எங்கள் சின்னக் கூட்டம் வாயடைத்து நின்றது. அதற்கப்புறம் சென்னையின் எஃப்சியின் மைல்சன் ஆல்வெஸ் இடைவேளைக்குள் இரண்டு முறை தலையால் முட்டினார், இரண்டும் கோல். ரஃபேல் அகுஸ்தோ மூன்றாவது. கடைசியில் 3-2, கோப்பை நமக்கு.

ஆனால் ஆல்வெஸின் முதல் கோலை நான் சரியாகப் பார்க்கவில்லை. கோலுக்குப் பின்பக்க கேலரியில்தான் இருந்தேன். அவர் எகிறியது தெரிந்தது, பந்து வலைக்குள் போனதா வெளியே போனதா என்பது பக்கத்து வரிசை எழுந்து குதித்த பிறகுதான் தெரிந்தது. காரணம் ஓடுபாதை. 400 மீட்டர் ஓடுபாதையின் உள்விளிம்பு நீளவாக்கில் சுமார் 157 மீட்டர். கால்பந்துத் திடல் 105 மீட்டர். மிச்சத்தை இரண்டு பக்கமும் பிரித்தால் கோலுக்குப் பின்னால் 26 மீட்டர் காலியிடம். அதற்கும் பின்னால், தடம் ஒன்றுக்கு 1.22 மீட்டர் என்று எட்டுத் தடங்கள், கிட்டத்தட்ட 10 மீட்டர். ஆக, முதல் வரிசையில் இடம் பிடித்தாலும் பந்துக்கும் நமக்கும் நடுவே 35 மீட்டருக்கு மேல். சென்னை நேரு விளையாட்டரங்கத்திலும் இதே கதைதான். சென்ட்ரலில் இறங்கி நடந்து போகும் தூரம், வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் மாதிரி பையன்கள் ஆடிய திடல், ஆனால் கோல் எங்கோ தள்ளி இருக்கிறது.

பிரான்சில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். 1998 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிதான் இரண்டு முறை தலையால் முட்டி பிரேசிலைச் சாய்த்தாரே, அந்த ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கத்தில் கீழ் அடுக்கு இருக்கைகள் நகரக்கூடியவை. தடகளத்துக்கு 15 மீட்டர் பின்னுக்குத் தள்ளுவார்கள், கால்பந்துக்கு முன்னே கொண்டுவந்துவிடுவார்கள். நமக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. ஓடுபாதையே இல்லாமல் கட்டினால் போதும்.

கொச்சி கலூர் அரங்கத்தில் ஓடுபாதை கிடையாது. ஆனால் கிரிக்கெட்டுக்கும் ஆகும்படி கட்டிய அகலம், அதனால் அங்கேயும் தூரம்தான். அந்தத் தூரத்தை கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர் கூட்டமான மஞ்சப்படையின் சத்தம் நிரப்பிவிடுகிறது. மெட்ரோவில் இறங்கினால் வாசலிலேயே விடுகிறது. ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பும் முன்பே இன்றைக்கு ஆட்டத்தில் யார் யார் இறங்குகிறார்கள் என்று கேட்கிறார். நம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மாஹே அந்த மலபார் மண்ணில்தான் இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை.

கொல்கத்தா சால்ட் லேக் அரங்கம் வேறு உலகம். 1997 பெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தை 1,31,781 பேர் பார்த்த இடம். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டு ஈஸ்ட் பெங்காலை 4-1 என்று ஜெயிக்க வைத்தார். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று ஊரே சமைக்கிறது. கடற்கரையில் பிறந்த எனக்கு அந்த ஊரைப் பிடிக்காமல் போகுமா?

சரி, இவ்வளவு ஊர் சுற்றியவனுக்குப் பந்தை மிக அருகில் பார்க்கக் கிடைத்த இடம் கடலூர். புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று போய், முள்ளோடை எல்லையைத் தாண்டி, தென்பெண்ணைப் பாலத்தில் ஏறி இறங்கினால் மஞ்சக்குப்பம் வந்துவிடும். அண்ணா விளையாட்டரங்கத்துக்கு நான் போனது விடிந்தும் விடியாத நேரம். பெண்பிள்ளைகள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பத்துக்குப் பதிலாகப் பள்ளிப் பைகள். ஒரு சின்னப் பெண் இடது காலால் மட்டும் அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். தப்பாகப் போகும் ஒவ்வொரு முறையும் தானே ஓடிப்போய் எடுத்துவந்து அதே புள்ளியில் வைத்தாள். "பாப்பா, காலைப் பாக்காத, தலையைத் தூக்கு" என்று பயிற்சியாளர் குரல் கொடுத்தார். "சரி சார்" என்றாள், அடுத்த பந்து இரண்டு பைகளுக்கும் நடுவே போனது. நான் மூன்றடி தள்ளி நின்றேன். பூட்ஸ் பந்தில் படும் அந்த 'தொப்' சத்தம் காதில் விழுந்தது. அந்தப் பெரிய அரங்கங்கள் எதிலும் நான் அதைக் கேட்டதில்லை.

இது சும்மா பொழுதுபோக்கு ஆட்டம் இல்லை. இந்திய மகளிர் அணிக்கு ஆடிய நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி கதிரேசன் இந்தக் கடலூர்க்காரர்தான், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கடலூரின் இந்திரா காந்தி அகாடமி இந்திய மகளிர் லீகில் ஆடியிருக்கிறது. அதே லீகை 2019-ல் மதுரையின் சேது எஃப்சி வென்றது. தேசிய மகளிர் சாம்பியன் பட்டம் 2018-லும் 2023-லும் தமிழ்நாட்டுக்கு வந்தது. இத்தனைக்கும் இந்தப் பெண்களின் ஆட்டத்தை நம் ஊரில் உட்கார்ந்து பார்க்க நமக்கு ஒரு சரியான இடம் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே ஒரு கால்பந்துத் திடல் போதும். ஐயாயிரம் பேர் உட்காரட்டும், ஓடுபாதை வேண்டாம், விளக்கு இருக்கட்டும். புறவழிச்சாலையில் எங்கோ ஒதுக்குப்புறத்தில் கட்டிவிடாமல், பேருந்திலிருந்து இறங்கி நடந்து போகும் தூரத்தில் கட்ட வேண்டும். அடியில் மணல் போட்டு வடிகால் சரியாக அமைக்க வேண்டும். தானே புயலும் 2015 வெள்ளமும் ஃபெஞ்சலும் பார்த்த பூமி இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் சீசனில் பாதி அங்கேயே போய்விடும். திறந்த அன்று முதல் ஆட்டம் பெண்களுடையதாக இருக்க வேண்டும். ஆண்கள் அணிக்கு அடுத்த வாரம் தேதி கொடுக்கலாம்.