வெறும் வயிற்று மாத்திரை

வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறையில் டெக்னீஷியன் என்றால் குழாயைக் கழுவித் துடைத்து டாக்டர் கையில் கொடுப்பவன் என்றுதான் எங்கள் வீட்டிலேயே நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீதி வேலை, கேள்வி கேட்பது.

"வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "சுகர், பிரஷர், அவ்ளோதான்" என்பார்கள். காலையில் பல் தேய்த்ததும் போடும் பான்டப்ரசோல் அந்தக் கணக்கில் வராது. வியாசர்பாடியிலிருந்து வந்த ஓர் ஆட்டோக்காரரிடம் "கேஸ் மாத்திரை போடுவீங்களாண்ணே?" என்று குறிப்பாகக் கேட்டேன். "அது டெய்லி போடுறதுதானே தம்பி, அதெல்லாம் ஒரு மாத்திரையா?" என்றார். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி, வருஷக்கணக்கில் ஓடுகிறதாம்.

எங்களுக்கு அதுதான் முக்கியமான மாத்திரை. இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கும். தன்னைச் சுற்றி அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு பிழைப்பது அப்படித்தான். நாங்கள் செய்யும் பரிசோதனையும் அதையே நம்பியிருக்கிறது. இரைப்பைச் சுவரிலிருந்து கிள்ளி எடுத்த துளிச் சதையை மஞ்சள் நிற ஜெல்லில் போடுவோம். கிருமி இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். சில சமயம் பேஷன்ட் ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்குவதற்குள்ளேயே மாறிவிடும்.

அமிலத்தைக் குறைக்கும் அந்த கேஸ் மாத்திரை உள்ளே இருந்தால் கிருமி எண்ணிக்கையில் குறையும், அல்லது இரைப்பையின் அடிப்பகுதியை விட்டு மேலே நகர்ந்துவிடும். அடியில் மட்டும் சதை எடுத்தால் ஜெல் மஞ்சளாகவே இருக்கும், கிருமி இல்லை என்று ரிப்போர்ட் போகும். அதனால் எங்கள் டாக்டர் அடியிலும் மேலேயும் என இரண்டு இடத்திலும் எடுப்பார். பரிசோதனைக்கு முன் அந்த மாத்திரையை 2 வாரம் நிறுத்தச் சொல்வார். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் 4 வாரம் இடைவெளி. ரத்தம் கசியும் அல்சரோடு வருபவர்களிடம் இதெல்லாம் நடக்காது. அவர்களுக்கு மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ரத்தக்கசிவிலும் ஜெல் ஏமாற்றும் என்பதால் பின்னால் இன்னொரு முறை பார்ப்போம்.

"காரம் தின்னதாலதானே அல்சர்?" என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியக் கதையைச் சொல்வேன். பெர்த் நகரத்தில் 1982இல் டாக்டர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியை வளர்த்தெடுத்தார்கள். அல்சருக்கு இதுதான் காரணம் என்றதை யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அதைக் கரைத்துத் தானே குடித்தார். அவருக்கு வந்தது இரைப்பை அழற்சிதான், அல்சர் வரவில்லை. கதை சொல்பவர்கள் இதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஆனால் எல்லாப் பழியையும் கிருமி மேல் போடவும் முடியாது. அது இருக்கும் பலருக்கு ஒரு தொந்தரவும் இருப்பதில்லை. நெஞ்செரிச்சலோடு வருபவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில்தான். முட்டிவலிக்கு டைக்ளோபினாக் விழுங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்கு பெரிய புண். கிருமி துளியும் இல்லை. அதே சமயம் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறவே ஏறாத சிலருக்கு, தோண்டிப் பார்த்தால் இந்தக் கிருமி இருக்கும்.

கண்டுபிடித்த பிறகு பெரும்பாலும் 14 நாள் மருந்து. அதில் மெட்ரோனிடசோல் வாயெல்லாம் இரும்புக் கசப்பாக்கும், பிஸ்மத் இருந்தால் மலம் கறுக்கும். கறுப்பைப் பார்த்து பயந்து பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. வலி போனதும் நிறுத்துபவர்கள் அதைவிட அதிகம். முடித்தவர்களும், கிருமி போய்விட்டதா என்று 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் வருவதில்லை. வருபவர்களில் சிலர் அன்று காலையும் கேஸ் மாத்திரை போட்டுவிட்டு வருகிறார்கள்! வேறு சிலர் வெளியே ரத்தத்தில் பார்த்து "இன்னும் பாசிட்டிவ்" என்று கலங்கி நிற்பார்கள். அது எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் பரிசோதனை. கிருமி போன பிறகும் நெடுநாள் அப்படியே காட்டும்.

இப்போது அப்பாயின்ட்மென்ட் போடும்போதே ரிசப்ஷனில் இருக்கும் பெண் கேட்டுவிடுகிறாள்: "காலைல வெறும் வயித்துல ஏதாவது போடுறீங்களா சார்?" ஆமாம் என்றால் டாக்டரிடம் கேட்டுத் தேதியைத் தள்ளிப் போடுகிறாள். "இன்னும் ரெண்டு வாரமா?" என்று கோபித்துக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். காலியாகும் நேரத்தைப் பார்த்து மேனேஜருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.