போயா நாளும் பன்னிரண்டு போத்தல் தண்ணீரும்

2023 மார்ச் 6, திங்கட்கிழமை. எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் தயிர்ச் சட்டிக்கும் அம்மா ஊறப்போட்ட உளுந்துக்கும் நடுவே 12 போத்தல் கிணற்றுத் தண்ணீர் நின்றது. எல்லாம் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்து நீர்வேலி, கோப்பாய்ப் பக்கத் தோட்டக் கிணறுகளில் சைக்கிளில் அலைந்து எடுத்தவை. நைத்திரேற்று பார்க்க எடுத்த தண்ணீரை 4 பாகை செல்சியஸ் குளிரில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் சோதித்துவிட வேண்டும். பிந்தினால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றின் அளவை மாற்றிவிடும். திங்கள் காலை எட்டரைக்குக் கொடுத்தால் ஆக முதலில் எடுத்த போத்தலுக்கும் 44 மணித்தியாலம் ஆகியிருக்காது. கணக்கு அச்சொட்டாக இருந்தது.

குளிர் காக்கிற ரிஜிபோம் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனால் கேற் பூட்டு. காவலாளி ஐயா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பிள்ளை, இண்டைக்குப் போயா எல்லோ?”

என் மடிக்கணினியில் ஐந்து நிறத்தில் போட்ட நேர அட்டவணை இருந்தது. அதில் போயா, அதுதான் முழுநிலா நாள் அரச விடுமுறை, இல்லை. குசினிச் சுவரில் பலசரக்குக் கடைக்காரர் தந்த கலண்டர் தொங்கியது. அதில் சிவப்பு மையில், வட்ட நிலாப் படத்தோடு, இருந்தது. அதற்குக் கீழேதான் நான் தினமும் தேத்தண்ணி குடிப்பேன்.

நான் புவியியல் நான்காம் ஆண்டு. தனி ஆய்வுக்கு எடுத்த தலைப்பு, வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளின் நீர்மட்டமும் நைத்திரேற்றும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான் ஆறு. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிற மாரித் தண்ணீரைத்தான் அடுத்த மாரிவரை எல்லாரும் இறைக்கிறோம். வெங்காயத்துக்குப் போடுகிற யூரியாவில் ஒரு பங்கும் மலக்குழிக் கசிவும் அதே கல்லுக்குள்தான் இறங்கித் தண்ணீரில் நைத்திரேற்றாகச் சேர்கின்றன. ஆகவே மட்டம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதுதான் என் ஆய்வின் அடித்தளம்.

இதெல்லாம் தெரிந்தும் 2022 நவம்பரில் என்ன செய்தேன் தெரியுமா? அட்டவணை போட்டேன். விடிய ஐந்திலிருந்து ஏழுவரை வாசிப்பு, எட்டிலிருந்து பத்துவரை குறிப்பெடுப்பு என்று அரை மணித்தியாலத் துண்டுகளாக வெட்டி, நிறம் தீட்டி, அதை வட்ஸ்அப்பில் தோழிகளுக்கும் அனுப்பினேன். பிறகு பழைய ஆய்வுகளை வாசிக்க உட்கார்ந்தேன். இரண்டு கிழமை என்று போட்ட வாசிப்பு ஐந்து கிழமை இழுத்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் உள்ளே இருந்து மழைவீழ்ச்சியைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் மேற்பார்வையாளரைச் சந்தித்தபோது அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி. “டிசம்பர் அளவு எங்க?”

டிசம்பர் அளவு இல்லை. மழை முடிகிறபோது கிணறு எவ்வளவு உயர்ந்து நின்றது என்பதை இனி அடுத்த வருடம்தான் அளக்கலாம். அடுத்த வருடம் நான் அங்கே இருக்கமாட்டேன். ஆய்வின் தலைப்பில் ‘மாரியிலிருந்து கோடைவரை’ என்று இருந்ததை ‘ஜனவரி முதல் மே வரை’ என்று மாற்றித் தந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்றிரவு அட்டவணையை அழித்துவிட்டு ஒரு கொப்பியில் நடுவே கோடு கிழித்தேன். ஒரு பக்கம் நான் நினைத்த நேரத்தில் செய்யக்கூடிய வேலை: வாசிப்பு, எழுத்து, வரைபடம், எக்செல். மறுபக்கம் தனக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிற வேலை: மழை, கிணறு, ஆய்வுகூடம், மேற்பார்வையாளர், தோட்டக்காரர். இரண்டாவது பக்கத்தை முதலில் நிரப்பி, மிச்ச இடத்தில் முதல் பக்கத்தைச் சொருக வேண்டும். நான் தலைகீழாகச் செய்திருந்தேன். அப்படிப் பிரித்த பிறகும் போயாவில் சறுக்கியது வேறு கதை; இரண்டாவது பக்கத்தில் ‘ஆய்வுகூடம்’ என்று எழுதினேனே தவிர, அது பூட்டியிருக்கும் நாட்களை எழுதவில்லை. அந்த 12 போத்தலையும் முற்றத்து வாழைக்கு ஊற்றிவிட்டு அடுத்த கிழமை திரும்பவும் எடுத்தேன்.

கிணறு அளப்பது கேட்க லேசு. நீர்மட்டம் அளப்பதென்றால் தண்ணீர் ஆறி நிற்கும்போது அளக்க வேண்டும். மெசின் பூட்டி இறைக்கத் தொடங்கினால் மட்டம் கீழே போய்விடும், அந்த எண்ணுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. முதல் நாள் நீர்வேலியில் ஒரு தோட்டத்துக்குக் காலை ஆறேகாலுக்குப் போனேன். எனக்கு அது விடியப்புறம். மெசின் சத்தம் ஒழுங்கைக்கே கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடி இரண்டு பாத்தி வெங்காயம் நனைந்தும் விட்டது.

“இப்பதான் வாறியளோ பிள்ளை? நான் நாலரைக்கே தொடங்கிட்டன்” என்றார் ஐயா, மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டே.

அது பங்குக் கிணறு. நாலு பேருக்குச் சொந்தம். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. இன்றைக்கு ஐயாவின் முறை, நாளைக்குத் தம்பியாரின் முறை, அடுத்தது மச்சான், அதற்கடுத்தது காணியைக் குத்தகைக்குச் செய்கிற ஒருவர். ஐந்தாம் நாள் திரும்ப ஐயா. எழுதிவைத்த அட்டவணை ஏதும் இல்லை, சண்டையும் இல்லை (முந்தி இருந்ததாம், வேலி விஷயத்தில்). குத்தகைக்காரர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டபிறகு எட்டு மணிக்குத்தான் வருவாராம். அப்போ எனக்குரிய நாள் அவருடைய முறை நாள். ஒரு கிழமை முழுக்க அளவே எடுக்காமல் 12 கிணற்றுக்கும் யாருடைய முறை எப்போது, யார் பிந்தி வருபவர் என்று விசாரித்துக் கொப்பியில் எழுதினேன். வீணாகப் போன கிழமை என்றுதான் அப்போது பட்டது. அதற்குப் பிறகு மே முடியும்வரை ஒரு அளவும் தவறவில்லை. நாளுக்கு மூன்று கிணறு, மாதத்தில் நாலு விடியல்.

அளவுநாடாவின் நுனியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி இறக்குவேன். இருட்டுக்குள் தண்ணீர் தெரியாது, ரோச் அடித்தாலும் மினுக்கம்தான் தெரியும். காதுதான் வேலை செய்யும். நட் தண்ணீரைத் தொடும்போது ‘ளொக்’ என்று ஒரு சின்னச் சத்தம். உயர்த்தி இன்னொரு தரம், அப்புறம் மூன்றாம் தரம். மூன்றும் ஒத்தால் எழுதுவேன். தரைக்கு மேலே நிற்கிற கிணற்றுக்கட்டின் உயரத்தைக் கழிக்க மறக்கக்கூடாது. பெப்ரவரியில் இரண்டு கிணற்றுக்கு மறந்து, எக்செலில் தண்ணீர் திடீரென்று முக்கால் மீற்றர் இறங்கிவிட்டதாகக் காட்டி என்னைப் பயமுறுத்தியது.

இனி வீடு. வகுப்பு இல்லாமல் வீட்டிலிருந்து ஆய்வு செய்கிற பிள்ளை, எங்கள் ஊரில் ‘சும்மா இருக்கிற பிள்ளை’. கரண்ட் பில் கட்ட, அம்மம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக, கனடாவிலிருந்து வந்தவர்களோடு கடைக்குப் போக, எல்லாவற்றுக்கும் முதலில் வருவது என் பெயர். கோபித்துப் பார்த்தேன், கதவைச் சாத்திப் பார்த்தேன், சரிவரவில்லை. போயாக் கூத்துக்குப் பிறகு, அந்தக் குசினிக் கலண்டரிலேயே என் நாட்களையும் எழுதினேன். காஸ் மாற்றிய திகதி, விரதம், கலியாணவீடு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ‘கிணறு’, ‘லாப்’, ‘சேர்’ (மேற்பார்வையாளர்) என்று நீல மையில். ஜூலை 31, ஒப்படைக்கிற நாள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி எழுதிக்கொண்டு வந்தேன். பைண்டிங்குக்கு நாலு நாள், திருத்தத்துக்கு இரண்டு கிழமை, சேர் வாசிக்க மூன்று கிழமை. நீலம் எழுதிய நாளில் அம்மா என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினா. நான் வாயால் ஆறு மாதம் சொல்லிப் புரியவைக்க முடியாததைக் கலண்டர் செய்தது. நீலம் இல்லாத நாளில் தப்பவும் முடியவில்லை என்பது வேறு.

எவ்வளவு நாள் எடுக்கும் என்ற கணிப்புத்தான் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. 1994 இல் பியூலர், கிரிஃபின், ரொஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாம் பிழைத்துப்போனால்? 49 நாள். உண்மையில் எடுத்தது 55 நாளுக்கும் மேல். இதை வாசித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, ஆறுதல் பட்டிருக்கக்கூடாதுதான். அதன்பிறகு ஒவ்வொரு வேலைக்கும் முதலில் தோன்றுகிற எண்ணை இரண்டால் பெருக்கிக் கலண்டரில் போட்டேன். இரண்டாம் அத்தியாயம் பத்து நாள் என்று தோன்றியது, இருபது போட்டேன், பத்தொன்பதில் முடிந்தது.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமடோரோ முறையையும் விட்டுவைக்கவில்லை. எண்களை எக்செலில் ஏற்ற, உசாத்துணை ஒழுங்குபடுத்த நல்லது. எழுதுவதற்கு எனக்குச் சரிவரவில்லை. சூடு பிடிக்கவே 25 நிமிடம் வேண்டும், பிடித்த உடனே மணி அடிக்கும். சொன்னால் சிரிப்பீர்கள், என் முதல் அத்தியாயத்தை எழுதுவித்தது மின்வெட்டு. அந்த ஜனவரியில் நாளுக்கு 2 மணி 20 நிமிடம் கரண்ட் இல்லை. வைபை இல்லை, காற்றாடி இல்லை, அம்மாவுக்கு நாடகமும் இல்லை. எத்தனை மணிக்கு நிற்கும், எத்தனை மணிக்கு வரும் என்பது முன்கூட்டியே தெரியும். விறாந்தையில் கொப்பியும் பேனையுமாக இருந்து எழுதுவேன். பெப்ரவரி நடுவில் மின்வெட்டு நின்றது. ஊரே சந்தோஷப்பட்டது, என் எழுத்து படுத்துவிட்டது. பிறகு நானே பின்னேரம் நாலு மணிக்கு ரவுட்டரின் வயரைப் பிடுங்கத் தொடங்கினேன்.

ஜூலை 28 இல் ஒப்படைத்தேன். 86 பக்கம்.

ஓகஸ்ட் நடுவில் ஒரு நாள் நீர்வேலி ஐயாவிடம் போனேன். கிணறு தந்தவர்களுக்கு முடிவைச் சொல்வது மரியாதை என்று நினைத்தேன். அன்றைக்கு அவருடைய முறை. நிறுத்தமாட்டார் என்று தெரியும், மெசின் ஓயும்வரை கிணற்றுக்கட்டில் இருந்தேன். பிறகு ஒரு தாளில் அவருடைய கிணற்றின் எண்ணையும், குடிதண்ணீருக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவருடையது 50ஐத் தாண்டியிருந்தது.

“அப்ப குடிக்கக் கூடாதோ?”

குறிப்பாகக் கைக்குழந்தைக்குக் கூடாது, ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால் இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோகிறது பாதிக்கப்படும் என்றேன்.

“கொதிக்க வச்சால்?”

கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற நைத்திரேற்று இன்னும் செறிவாகும் என்றேன்.

அவர் தாளை நாலாக மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தார். பிறகு, இந்த எண் எனக்கு எப்போது கிடைத்தது என்று கேட்டார். பங்குனியில் என்றேன்.

“பங்குனியிலயே தெரியுமெண்டால் அப்பவே வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை? மகள் பெறுமாசத்துக்கு வந்து இஞ்சதானே நிண்டவள்.”

குசினிக் கலண்டரில் பங்குனி முழுக்க நீலமாகத்தான் இருந்தது. அவருடைய வீட்டுக்கென்று அதில் ஒரு நாளும் இல்லை.