முறுக்கின் வாலை அச்சகத்தில் காப்பாற்றிய கதை

கதை எழுதுவதில் பெரிய சிரமம் இல்லை. அதில் வருவது எங்கள் வீட்டு நாய்தான், வேறு ஏதோ ஒரு நாய் இல்லை என்று ஓவியர், பக்கம் அமைக்கும் டிடிபி ஆள், அச்சகக்காரர் என ஒவ்வொருவரிடமும் மல்லுக்கட்டியதுதான் பெரும்பாடு. புத்தகம் கைக்கு வந்துவிட்டது, வாலும் முழுசாக இருக்கிறது. ஆத்திரம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. வீட்டு நாயையோ பூனையையோ வைத்துக் குழந்தைகளுக்குப் படக்கதை போட நினைக்கும் சென்னைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கினால் கொஞ்சம் அலைச்சல் மிச்சம்.

முறுக்கு ஒரு நாட்டு நாய். பெயர் வாலைப் பார்த்து வைத்தது. குக்கரில் மூன்றாவது விசில் வந்ததும் எங்கிருந்தாலும் எழுந்து சமையலறை வாசலில் வந்து உட்காரும். முதல் இரண்டு விசிலுக்குக் கண்ணைக்கூடத் திறக்காது. கதை இதிலிருந்து கிடைத்ததுதான். ‘அன்பானது, அறிவானது, நன்றியுள்ளது’ என்று எத்தனை பக்கம் எழுதினாலும் குழந்தைக்கு அதில் பிடிப்பு இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தானும் சேர்ந்து எண்ண முடிகிற ஒரு பழக்கம் கிடைத்தால் போதும். ஒருநாள் நாலாவது விசிலும் வந்துவிட்டால் நாய் என்ன செய்யும் என்ற கேள்வி தானாக வரும். உங்கள் வீட்டு ஜீவனிடமும் இப்படித் தேடுங்கள்: அது தினமும் தவறாமல் செய்வது எது, எது மாறினால் குழம்பிப்போகும். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால் கதை அதிலேயே கிடக்கும்.

அளவு விஷயம் சுருக்கமாக: 24 பக்கம் என்றால் 300 முதல் 400 சொற்கள் தாராளம். பக்கத்துக்கு இரண்டு மூன்று வாக்கியம், எழுத்து 20 பாயின்டுக்குக் குறையாமல். படம் காட்டாமல் நாலைந்து பிள்ளைகளுக்கு வாசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் கண் ஜன்னல் பக்கம் போகிறதோ அந்த வரியைத் தயங்காமல் வெட்டுங்கள்.

நாய் பார்வையில் எழுதுகிறவர்கள் இரண்டு மூன்று உண்மைகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. புல்தரையில் சிவப்புப் பந்தைப் பார்த்து அது துள்ளிக் குதிப்பதாக எழுதினால் விவரம் தெரிந்த பிள்ளை சிரிக்கும். பொங்கல் காட்சி வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. சாக்லேட்டும் வெங்காயமும்கூட அதற்கு ஆகாது. கதையில் ஊட்டினால் படித்த பிள்ளை வீட்டில் ஊட்டிப் பார்க்கும். அதேபோல, தூங்குகிற நாயைக் குழந்தை கழுத்தோடு கட்டிப்பிடிக்கும் படம் பார்க்க அழகுதான். நிஜத்தில் இப்படித் திடுக்கிட்டு எழும் நாய் குழந்தையைக் கடித்துவிடக்கூடும். நாய் விழித்திருக்கட்டும், அதுவாகப் பிள்ளையிடம் வரட்டும்.

இனி வயிற்றெரிச்சல்.

ஓவியரிடம் ‘நாட்டு நாய்’ என்று சொன்னால் தலையாட்டுவார்கள். வரும் ரஃப் ஸ்கெட்ச்சில் காது தொங்கும், கழுத்துப்பட்டையில் எலும்பு வடிவத்தில் ஒரு தகடு ஆடும், பின்னால் சாய்கூரை வைத்த மரக்கூண்டு நிற்கும். தாம்பரத்திலோ பெரம்பூரிலோ எந்த வீட்டு வாசலில் அந்த மரக்கூண்டைப் பார்த்திருக்கிறீர்கள்? நம் நாய் படுப்பது மோட்டார் பம்ப் பக்கத்தில், அல்லது ஸ்கூட்டிக்கு அடியில். எங்களுக்கு வந்த முதல் படத்தில் வால்கூட நேராகத்தான் இருந்தது. “வால் சுருண்டிருந்தா பன்னி மாதிரி தெரியுது சார்” என்று விளக்கம் வேறு. கதையின் பெயரே முறுக்கு!

இதற்கு ஒரே மருந்து, வேலை கொடுக்கும் அன்றே புகைப்படங்களையும் சேர்த்துக் கொடுப்பதுதான். நேராக, பக்கவாட்டில், பின்புறம், உட்கார்ந்து, படுத்து, ஓடும்போது. எல்லாம் குழந்தையின் கண் உயரத்தில் எடுத்தது. நின்றபடி மேலிருந்து எடுத்தால் நாய் தலை பெருத்து, கால் குட்டையாகத் தெரியும். படமும் அப்படியே வரும். நிமிர்ந்த காது, ஆப்பு போன்ற முகம், குட்டை முடி, முதுகின் மேல் சுருளும் வால் என்று எழுதியும் கொடுங்கள். முதல் பக்கத்தை வரையத் தொடங்கும் முன், நாயைப் பல கோணத்தில் வரைந்து காட்டும் கேரக்டர் ஷீட்டை வாங்கிச் சரி சொல்லுங்கள். பணத்தை ரஃப், கோட்டோவியம், வண்ணம் என்று மூன்று தவணையாகப் பிரித்தால் திருத்தம் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

உங்கள் நாயைத்தானே வரைந்தார், அதனால் படம் உங்களுடையது என்று நினைத்துவிட வேண்டாம். உரிமையை எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி 5 ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் ஞாபகம் வரும். கையோடு லேயர் பிரித்த கோப்பையும் கேட்டு வாங்குங்கள். நாய் தனி, பின்னணி தனி. எதற்கு என்று பின்னால் தெரியும்.

அடுத்து டிடிபி. யூனிகோடில் அடித்த கதையைக் கொடுத்தால், திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு டிடிபி சென்டரில், “நம்ம மெஷின்ல பாமினிதான் சார், எல்லாம் ஒரே தமிழ்தானே” என்று யூனிகோடோடு ஒத்துப்போகாத அந்தப் பழைய ஃபான்டுக்கு மாற்றிப் போட்டார்கள். மேற்கோள் குறிகள் எல்லாம் வேறு ஏதோ எழுத்தாக மாறியிருந்தன. யூனிகோடிலேயே செய்யுங்கள் என்றபோது வேறு கூத்து: ‘கெ’, ‘கே’ எல்லாம் கொம்பை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றன. இது ஃபான்ட் கோளாறு இல்லை. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி காம்போசரைத் தேர்வு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லப் போனால், “இத்தனை வருஷமா இதே வேலைதான் பண்றேன்” என்ற முறைப்பு. அந்தத் தேர்வை மாற்றியதும் கொம்பெல்லாம் தன் இடத்துக்கு வந்தது. முறைப்பு அப்படியே இருந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்றவை இலவச உரிமத்தில் கிடைக்கின்றன, அச்சுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எழுத்து கறுப்பு மையில் மட்டும் அச்சாக வேண்டும். நாலு வண்ணமும் கலந்த கறுப்பாகப் போனால், பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் புள்ளியும் சுழியும் இரட்டையாகத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ‘ண’வும் ‘ன’வும் ஏற்கெனவே சண்டை. படத்தின் மேல் வெள்ளை எழுத்து வேண்டும் என்று டிடிபிக்காரர் ஆசைப்பட்டால் மறுத்துவிடுங்கள்; மெல்லிய கோடுகளை மை அடைத்துவிடும்.

ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி பக்கம் அச்சகத்துக்குப் பஞ்சமில்லை. உள்ளே 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கனம்) ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன், நடுமடிப்பில் அடிக்கும் சென்டர் பின். பக்கம் நாலின் மடங்காக வர வேண்டும். 500 பிரதிக்குக் கீழே என்றால் டிஜிட்டல்தான் கட்டுப்படியாகும். விலை விசாரிக்கும்போது இந்த விவரத்தையெல்லாம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வாயால் கேட்டால் ஒருவர் 100 ஜிஎஸ்எம்முக்கும் இன்னொருவர் 130க்கும் விலை சொல்லுவார், ஒப்பிடவே முடியாது.

வண்ணத்தில் இன்னொரு போராட்டம். போனில் தவிட்டு நிறமாகத் தெரிந்த நாய் அச்சில் செங்கல் நிறத்தில் வந்தது. திரையில் பார்ப்பது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சாவது சிஎம்ஒய்கே (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மை); மாற்றும்போது மஜெந்தா என்ற இளஞ்சிவப்பு மை தூக்கலாகப் போனால் பழுப்பெல்லாம் சிவக்கும். ஓவியரையே மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். மெஷின் ஓடத் தொடங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், முதல் ஷீட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துத் தலையாட்டாமல் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே ஷீட்டில் மேலும் கீழுமாக ஒரே வரிசையில் விழும் பக்கங்களுக்கு மை சேர்ந்தேதான் போகும். நாய்க்காக மஜெந்தாவைக் குறைத்தால் கீழே உள்ள செம்பருத்தி வெளுக்கும். கதாநாயகன் யார் என்று அங்கேயே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

வால் விவகாரம் நடுப்பக்கத்தில். ப்ரூஃப் என்று கொடுத்தது ஓரம் வெட்டாத தாள். அதில் வால் ஜம்மென்று இருந்தது. மடித்து, பின் அடித்து, வெட்டி ஒரு டம்மி கொடுங்கள் என்று கேட்டதற்கு, “பிரின்ட் ஆனா அதேதான் சார் வரப்போவுது” என்று இழுத்தடித்தார்கள். விடாமல் கேட்டு வாங்கிப் பார்த்தால் 13ஆம் பக்கத்தில் சுருள் பாதியோடு காணோம். நாய் ஒரு கொக்கியை மாட்டிக்கொண்டு நிற்கிறது. காரணம் எளிது. சென்டர் பின் புத்தகத்தில் உள்தாள்கள் வெளித்தாள்களை மீறி வெளியே துருத்தும். இந்தக் கனத்தில் 24 பக்கத்துக்கு நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். வெட்டும்போது கத்தி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகுவதும் சகஜம். படத்தில் வாலுக்கும் ஓரத்துக்கும் இருந்த இடைவெளி 2 மி.மீ. “வால் நுனிதானே சார், பசங்க கவனிக்க மாட்டாங்க” என்றார் அச்சகத்தில். பசங்கதான் கவனிப்பார்கள்.

லேயர் கோப்பு கையில் இருந்ததால் நாயை மட்டும் உள்ளே நகர்த்தி, பின்னணியை அப்படியே விட முடிந்தது. சுற்றிலும் வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. கூடுதல் படம் (ப்ளீட்), வெட்டும் கோட்டிலிருந்து உள்ளே 8 மி.மீ. வரை முகம், வால், எழுத்து எதுவும் வராமல் பார்த்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

புத்தகத்துக்கான சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், தனிநபரும் வாங்கலாம், ஏஜென்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒரு பிரவுசிங் சென்டரில் நிரப்பக் கொடுத்ததில், பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை அவர்கள் இஷ்டத்துக்கு மாற்றி வைத்தார்கள். அடையாள அட்டை, விண்ணப்பம், தலைப்புப் பக்கம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அச்சுப் புத்தகத்துக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண். பார்கோடு வெள்ளையில் கறுப்பாகவே இருக்கட்டும். அட்டைக்குப் பொருத்தமாகச் சிவப்பில் போடலாமே என்பார்கள்; கடை ஸ்கேனர்களின் வெளிச்சம் பெரும்பாலும் சிவப்பு, அதற்குச் சிவப்புக் கோடு கண்ணுக்கே தெரியாது.

எல்லாவற்றையும் செப்டம்பருக்குள் முடியுங்கள். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் புத்தகக் காட்சி என்பதால் நவம்பர், டிசம்பரில் எந்த அச்சகத்திலும் நம்மைப் போன்ற சின்ன ஆளுக்கு மெஷின் கிடைக்காது. கிடைத்தாலும் மழைக்காலம்: ஆர்ட் பேப்பர் ஈரம் வாங்கும், மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும், லேமினேஷன் போட்ட அட்டை அப்பளம் போலச் சுருளும். அவசரத்துக்குக் காயாமல் வெட்டினால் மொத்தமும் போச்சு.

புத்தகம் வெளியான 30 நாளுக்குள், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், எழும்பூர் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி நம் செலவில் அனுப்ப வேண்டும். கன்னிமாராவுக்கு நேரிலேயே போய்க் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடலாம்.

பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் அச்சான இறுதிக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். “எங்ககிட்டயே பத்திரமா இருக்கும் சார்” என்பார்கள். மறுபதிப்பு கேட்டுப் போகும்போது அந்த கம்ப்யூட்டர் ஃபார்மட் ஆகியிருக்கும், இருப்பது வால் வெட்டுப்பட்ட பழைய கோப்பாக இருக்கும்.