நிலாவரையில போட்ட தேசிக்காய் கீரிமலையில மிதக்கும்

யாழ்ப்பாணத்தில வலிகாமம் பக்கம் பிறந்து வளந்த ஆரைக் கேட்டாலும் இந்தக் கதை தெரியும், நிலாவரைக் கிணத்துக்குள்ள ஒரு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, போட்டா அது நிலத்துக்குக் கீழால போய்க் கடற்கரையில இருக்கிற கீரிமலைக் கேணியில மிதக்குமாம். எங்கட அப்பாவும் சொல்லுறவர், அவருக்கு அவற்ற ஆச்சி சொன்னவவாம். இந்தமுறை ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்யோணும் எண்டு அம்மா சொன்னா. அப்ப நான் கேட்டன், முதல் நிலாவரைக்குப் போய்க் கும்பிட்டிட்டு அங்கயிருந்து கீரிமலைக்குப் போவமே அம்மா, அப்பா சொன்ன தேசிக்காய் போற மாதிரி எண்டு. அம்மா உடன ஓம் எண்டிட்டா.

நிலாவரை புத்தூருக்குக் கிட்ட நவக்கிரியில இருக்கு. சுத்திவர செம்மண் தோட்டங்கள், நாங்கள் போகேக்க இன்னும் வடிவா விடியேல்லை, ஆனா சோளகக் காத்து அப்பவே புழுதியைக் கிளப்பத் தொடங்கியிட்டுது. ஆடி மாசம் எண்டா எங்கட வீட்டுக் கிணத்தில தண்ணி நல்லாக் கீழ போயிடும், மோட்டர் போட்டாலும் கொஞ்ச நேரத்தில நிப்பாட்டி ஊற விடோணும், அப்பிடிப்பட்ட மாசத்தில இவ்வளவு தண்ணியை ஒரேயடியாக் காணேக்க மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். கிணறு எண்டு பேர்தானே ஒழிய வட்டமாக் கட்டின கிணறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுப் பாறை இடிஞ்சு விழுந்த ஒரு பெரிய பள்ளம், ஒரு பக்கத்தால இறங்கப் படி இருக்கு. தண்ணி கரையில பச்சையாத் தெரியும், கொஞ்சம் தள்ளிப் பாத்தா கருநீலம். மேல ரெண்டு மூண்டு பழுத்த இலையும் மெல்லிய தூசிப் படையும் மிதந்துது, அதுக்குக் கீழ பாறை விளிம்பு கொஞ்சத் தூரம் தெரிஞ்சு பேந்து தெரியாமப் போகுது.

ராமர் கதை எல்லாருக்கும் தெரியும்தான், எண்டாலும் சொல்லுறன். ராவணனோட சண்டை முடிஞ்சு வரேக்க வானரப் படைக்குத் தாகம் தாங்கேல்லை. அந்த வறண்ட தரையில குளமும் இல்லை ஆறும் இல்லை. ராமர் தன்ர அம்பை நிலத்தில ஊண்டினாராம், அந்த இடத்தில பீறிட்டு வந்த தண்ணிதான் நிலாவரை. எனக்கு இந்தக் கதையில பிடிச்சதே அதுதான், அற்புதம் காட்ட ஊண்டின அம்பில்லை, கூட வந்த சீவன்களின்ர தாகத்துக்கு ஊண்டினது. ஆனா வாற சனம் கூடுதலா ஆழத்தைப் பற்றித்தான் கதைக்கும், அடியில்லையாம், கயிறு விட்டா முட்டாதாம் எண்டு. அளந்து பாத்தவை அம்பது மீற்றர் சொச்சம் எண்டு சொல்லியிருக்கினம், அதுவே சின்ன ஆழம் இல்லை. பக்கத்தில இருக்கிற நவசைலேஸ்வரர் கோயிலுக்கு முன்னால நிண்டு கும்பிட்டிட்டுத் திரும்பினா ஒரு பெடியன் காசு ஒண்டைத் தண்ணிக்குள்ள போட ஓங்கினான், அங்க நிண்ட வயசான ஐயா ஒராள் கையைப் பிடிச்சிட்டார். "போடாதை அப்பன், இது குடிக்கிற தண்ணியடா, எங்கட தோட்டத்துக்கும் இதுதான் போறது" எண்டார். நல்ல தன்மையாத்தான் சொன்னவர், பெடியனும் பேசாமல் காசைப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டான்.

தேசிக்காய்க் கதையை நான் சும்மா கட்டுக்கதை எண்டு தள்ள மாட்டன். யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஒரு ஆறு கிடையாது, ஐப்பசியில இருந்து மார்கழி மட்டும் கொட்டுற மழைதான் எங்களுக்கு எல்லாம். அந்த மழை சுண்ணாம்புக் கல்லு வெடிப்புகளுக்குள்ளால இறங்கி, கல்லைக் கரைச்சுக் கரைச்சு உள்ளுக்குக் குகையும் வழியுமா ஆக்கி வைச்சிருக்கு. இறங்கின நல்ல தண்ணி பாரம் குறைஞ்சபடியா கீழ இருக்கிற கடல் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா கீழ 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும் எண்டு கணக்குச் சொல்லுவினம், அப்ப மேல ஒரு அடியை இறைச்சு முடிச்சா கீழயிருந்து 40 அடிக்கு உப்பு ஏறி வரும். நிலாவரையிலயும் மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு. அப்பாட ஆச்சி இதொண்டும் படிச்சவ இல்லை, எண்டாலும் நவக்கிரிக் கிணறும் கீரிமலைக் கேணியும் உன்ர வீட்டுக் கிணறும் கீழ ஒரே தண்ணிதான் எண்டு ஒரு தேசிக்காயை வைச்சுப் பேரப்பிள்ளைக்கு விளங்கப்படுத்தியிட்டா. இண்டைக்கு உரமும் மருந்தும் மலக்குழியும் அந்தத் தண்ணிக்குத்தான் இறங்குது, அதை நினைச்சா எனக்கு நெஞ்சு பதறும்.

அங்கயிருந்து சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம். மாவிட்டபுரத்தில வானை நிப்பாட்டி ஒரு கற்பூரம் கொளுத்தினனாங்கள், ஏனெண்டா கீரிமலைக் கதையில பாதி அந்தக் கோயில். மாருதப்புரவீகவல்லி எண்ட இளவரசிக்குக் குன்ம நோய் எண்ட வயித்து வருத்தமும் குதிரை முகமும் வந்து, கீரிமலைத் தீர்த்தத்தில தோய்ஞ்சு அது மாறினபடியாத்தான் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலைக் கட்டுவிச்சா எண்டு சொல்லுறது. அவவுக்கு முதலே நகுல முனிவர், கீரி முகத்தோட வந்தவர், அவருக்கும் அந்தத் தண்ணியிலதான் முகம் மாறினது. கீரிமலைக் கேணிக்குப் பக்கத்தில நகுலேஸ்வரம் சிவன் கோயில், ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்களில ஒண்டு. போர்த்துக்கேயர் இடிச்சு, பேந்து 19ஆம் நூற்றாண்டில ஆறுமுக நாவலர் தொடக்கின முயற்சியால திரும்ப எழும்பி, 1990இல திரும்பக் குண்டு விழுந்து, பிறகு திரும்பவும் கட்டின கோயில்.

1990இல சண்டையால வலிகாமம் வடக்குச் சனம் வெளிக்கிட்டாப் பிறகு கன காலம் இந்தப் பக்கம் வர ஏலாமல் இருந்தது, ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயம். அப்பா தன்ர தகப்பனுக்குச் செய்யவேண்டியதை இஞ்ச செய்ய முடியாமல் வேற கடற்கரைகளில செய்தவர், திருவடிநிலைக்கும் போனவர். அந்தக் கவலை அவருக்குக் கடைசி மட்டும் இருந்தது. இந்தமுறை கீரிமலையில ஐயருக்கு முன்னால தர்ப்பையோட இருந்து அப்பாட பேரைச் சொல்லி, அப்பப்பாட பேரையும் சேத்துச் சொல்லேக்க எனக்குக் குரல் அடைச்சுப் போச்சு. எள்ளும் தண்ணியும் விட்டு, பிண்டத்தைக் கடலில கரைச்சு, கடலில முழுகிப்போட்டு அந்த உப்புடம்போடயே கேணிக்குள்ள இறங்கினன். கடலுக்கும் கேணிக்கும் நடுவில ஒரு மதில்தான். அலை மதிலில அடிச்சு முகத்தில துமிக்குது, அது கரிக்குது. இஞ்சால கேணித் தண்ணி வாயில பட்டா உப்பில்லை. அடியில கல்லுக்கு இடையில காலை வைச்சா ஒரு இடத்தில மட்டும் குளிரா ஊறி வாறது உள்ளங்காலில தெரியும், நான் அதிலயே கன நேரம் நிண்டிட்டன். பொம்பிளையளுக்குக் கேணி வேற, சுத்திவர மறைச்சுக் கட்டினது. அம்மா அங்க தோய்ஞ்சிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டே, "தம்பி, தேசிக்காய் வந்ததே?" எண்டு கேட்டா. ஓம் அம்மா எண்டன். வேற என்னத்தைச் சொல்லுறது.

வீட்டை வந்து காத்தோட்டிக்காய்க் கறியோட படைச்சு, காகத்துக்கு வைச்சிட்டுச் சாப்பிடேக்க மத்தியானம் திரும்பியிட்டுது.

போறவைக்கு ஒண்டு சொல்லுறன், ஆடி அமாவாசை எண்டா இருட்டோடயே வெளிக்கிடுங்கோ, நேரம் போனா மாவிட்டபுரச் சந்தியிலயே வாகனம் நிண்டிடும், ஐயரைப் பிடிக்கிறதும் கஷ்டம். மாத்து உடுப்பும் எள்ளும் கொண்டு போங்கோ. கேணிக்குள்ள சவுக்காரம் ஷாம்பூ வேண்டாம், முழுகினாக் காணும். நிலாவரைக்குச் சின்னப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறவை கையை விடாதேங்கோ, படிக்கு அங்கால உடன ஆழம். தேசிக்காய் போட்டுப் பாக்கவும் வேண்டாம், கதையைப் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, காணும்.