தூரை எண்ணிக் கணக்குப் போடுங்கள்: சீமைக்கருவேல் மண்டிய தரிசைத் திருத்தும் வேலை

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் பத்துப் பதினைந்து வருடம் ஏர் படாமல் கிடந்த புஞ்சையில் என்ன நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. சீமைக்கருவேல்தான். வேலிக்காத்தான் என்பார்கள், டெல்லி முள் என்பார்கள். பெயர்தான் மாறும், முள் அதேதான். அப்படி மண்டிப்போன நாலு ஏக்கர் கரிசலைத் திரும்ப உழவுக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். என்ன செய்யவேண்டும், எந்த இடத்தில் காசு கரையும் என்பதை வேலை நடக்கிற வரிசையிலேயே சொல்லிவிடுகிறோம்.

முதல் வேலை அரிவாளில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. பட்டா, அடங்கல் (கிராமத்துப் பயிர்ப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்) மூன்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் காட்டுக்குள் இறங்கவேண்டும். முள் மண்டிய நிலத்தில் எல்லைக்கல் கண்ணுக்குத் தெரியாது. இயந்திரம் அதைத் தூக்கி எறிந்தபிறகு தேடினால் பக்கத்துப் புஞ்சைக்காரரோடு சண்டைதான் மிஞ்சும். நாலு பக்கமும் ஆள் நடக்கும் அகலத்துக்கு, ஆறடி போதும், அரிவாளால் தடம் போட்டுவிட்டு, சர்வேயரை வைத்து அளந்து கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள். புலப்படத்தில் ஓடையோ வண்டிப்பாதையோ நிலத்தை ஒட்டியோ குறுக்கேயோ போனால் அது பெரும்பாலும் புறம்போக்கு. அதில் நிற்கும் மரம் நம்முடையது இல்லை, முள்மரமாகவே இருந்தாலும். உள்ளே பனை நின்றால் அதைத் தொடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

தடம் போடும்போதே பார்க்கவேண்டியது பாழுங்கிணறு. கைப்பிடிச்சுவர் இடிந்து, விளிம்பில் முள் கவிந்து, பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாத கிணறுகள் இந்தப் பக்கம் நிறைய. அடங்கலில் கிணறு என்று பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் வயதானவர் ஒருவரைக் கூட்டிப்போய்க் கைகாட்டச் சொன்னால் இன்னும் நல்லது. கிணற்றைச் சுற்றி இருபதடிக்குக் கயிறு கட்டிவிட்டு, அந்த வட்டத்துக்குள் கையால் மட்டும் வெட்டவேண்டும். கதண்டு என்னும் பெரிய குளவியின் கூடு, ஈ.பி. லைன் மேல் சாய்ந்த மரம் இரண்டையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். லைனில் சாய்ந்த மரத்தை மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தியபிறகுதான் தொடலாம்.

அடுத்தது கணக்கு. ‘ஒரு ஏக்கருக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?’ என்று கேட்டால் இயந்திரம் ஓட்டுபவர் வாயில் வந்ததைச் சொல்வார். அடர்த்தியாக ஒரு இடம், சுமாராக ஒரு இடம் என்று தேர்ந்து, 66 அடிக்கு 66 அடி சதுரம் கட்டுங்கள். அது சரியாக 10 சென்ட். உள்ளே தொடைப் பருமனுக்கு மேல் எத்தனை மரம், கைப் பருமனில் எத்தனை என்று எண்ணிப் பத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை தூர், அதாவது வேரோடு கூடிய அடிமரம், என்று தெரிந்துவிடும். பெரிய தூர் ஒன்றைத் தோண்டி, மண் உதறிப் போட, பழகின ஓட்டுநருக்கே ஐந்து நிமிடம் பிடிக்கும். ஏக்கருக்கு 60 பெரிய தூர் என்றால் அதற்கே ஐந்து மணி நேரம். சின்னதும் குவிப்பதும் தனி.

இங்கேதான் பலரும் ஏமாறுவது. கரி வியாபாரி வந்து, ‘மரத்தை நாங்களே வெட்டிக்கிறோம், உங்களுக்குச் செலவில்லை, மேல காசும் தர்றோம்’ என்பார். கேட்க இனிக்கும். அவருக்கு வேண்டியது விறகு. தரையோடு தரையாக வெட்டி ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஒரு மழை பெய்ததும் ஒரே தூரில் பத்துக் கிளை கிளம்பி, ஒற்றை மரம் நின்ற இடத்தில் புதர் நிற்கும். அந்த மரத்தின் குணமே அதுதான். 1960-களில் வந்த மரம் என்றுதான் பேச்சு. உண்மையில் 1870-களிலேயே அமெரிக்கக் கண்டத்து விதையை வெள்ளைக்காரன் காலத்து வனத்துறை இங்கே இறக்கிவிட்டது. விறகுக்காகத்தான். வெட்ட வெட்டத் துளிர்ப்பது அன்றைக்கு அதன் சிறப்பு, இன்றைக்கு நம் தலைவலி.

உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மண்ணுக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் உறங்குமொட்டுகள் இருக்கின்றன. தரையிலிருந்து ஒரு சாண், பெரிய மரமானால் ஓர் அடி ஆழம் வரை அந்தக் கழுத்து இறங்கியிருக்கும். அது முழுசாக வெளியே வந்தால் மரம் செத்தது. அதற்குக் கீழே ஆணிவேர் அறுந்து உள்ளேயே கிடந்தாலும் துளிர்க்காது. ஆகவே ஆறடிக்குத் தோண்டி முழு வேரையும் எடுக்கிறேன் என்று டீசலைக் கொளுத்த வேண்டாம். மேலே தீ வைத்தாலும் இந்தக் கழுத்து வேகாது. உப்புக் கொட்டுவது இன்னும் மோசம், மண் கெட்டுப்போகும்.

அதனால் கரி வியாபாரியிடம் பேசும்போது இரண்டு நிபந்தனை. ஒன்று, மரத்தை இடுப்பளவு, குறைந்தது இரண்டரை அடி உயரக் கட்டை விட்டு வெட்டவேண்டும். அந்தக் கட்டைதான் இயந்திரத்துக்குப் பிடி. தரையோடு அறுத்துவிட்டால் தூரைத் தேடுவதிலேயே மீட்டர் ஓடும். இரண்டு, தூர்க்கட்டையையும் அவரே அள்ளிக்கொள்ளவேண்டும். கரி மூட்டத்துக்குத் தூர்க்கட்டையும் ஆகும் என்பதால் பேசினால் படியும்.

கரிசலில் நாள் பார்ப்பது முக்கியம். சித்திரையில் மண் பாறையாக இறுகியிருக்கும். இழுத்தால் கழுத்துக்கு மேலேயே மரம் ஒடியும். ஐப்பசி, கார்த்திகையில் வண்டி புதையும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தையில் மேல்மண் காய்ந்து அடிமண் ஈரமாக இருக்கும் இரண்டு மூன்று வாரம்தான் தோதான காலம். ஓர் அடி ஆழத்து மண்ணைக் கைப்பிடியில் அழுத்திப் பாருங்கள். உருண்டை பிடித்து, தட்டினால் உதிரவேண்டும். கையில் ஒட்டினால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

இயந்திரம் ஜேசிபியா ஹிட்டாச்சியா? நாலு ஏக்கரில் பெரிய மரம் குறைவென்றால் ஜேசிபி போதும். ஆனால் அது டயர் வண்டி, வெட்டிப்போட்ட முள்ளில் ஏறினால் பஞ்சர். ஓட்டும் பாதையில் கிளையைக் கவைக்கம்பால் ஒதுக்க இரண்டு ஆள் கூடவே நிற்கவேண்டும். ஹிட்டாச்சிக்குச் சங்கிலிச் சக்கரம், முள் ஒன்றும் செய்யாது. கொண்டுவந்து இறக்க லாரி வாடகை தனி. மரம் அடர்ந்து தொடைப் பருமனுக்கு மேல் நின்றால் அந்த வாடகையையும் சேர்த்தே ஹிட்டாச்சிதான் மலிவாக முடியும் என்பது எங்கள் கணக்கு.

வாடகை மணிக்கணக்கு. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மீட்டரைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் கடைசி இலக்கம் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு நிமிடம். 2.4 என்றால் இரண்டு மணி 24 நிமிடம்தான்; இரண்டு மணி நாற்பது என்று கணக்குப் போட்டுக் காசு கொடுத்தவர்கள் உண்டு. ஓட்டுநர் டீ குடிக்கப் போனாலும் எஞ்சின் ஓடினால் மீட்டரும் ஓடும்.

தூர் எடுக்கும் முறைக்கு வருவோம். ஓட்டுநர் நேராகக் கட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது, ஒடிந்துவிடும். முதலில் ஒரு பக்கம் இரண்டடி தள்ளிப் தோண்டும் பக்கெட்டை (ஜேசிபியில் பின்பக்கம் இருப்பது) இறக்கிப் பக்கவேரை அறுக்கவேண்டும். அடுத்து எதிர்ப்பக்கம் அதே மாதிரி. பிறகு கட்டையின் தலையில் பக்கெட்டை வைத்துத் தள்ளினால் கழுத்தோடு பெயர்ந்து சாயும். தூக்கி மூன்று நான்கு தரம் உதறி, மண்ணைக் குழியிலேயே விழவிட்டுத் தூரை ஓரம் போடவேண்டும்.

ஜேசிபியின் முன் பக்கெட்டால் வழித்துத் தள்ளினால் பார்க்கச் சுத்தமாக, வேகமாக இருக்கும். நிலத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை. முள்ளோடு அரையடி மேல்மண்ணும் வரப்போரம் குவிந்துவிடும். உழவுக்கு மிஞ்சுவது வெறும் அடிமண். ‘முன் பக்கெட் தரையைத் தொடக்கூடாது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் சாயங்காலம் வேலையை முடிக்கும் அவசரத்தில் வழிப்பார்கள். ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும்.

குழியை மூடும்போது தரைமட்டத்துக்கு மேல் அரையடி மேடாகவே விடுங்கள். முதல் மழையில் அது அமுங்கும். சமமாக மூடினால் பள்ளம் விழுந்து டிராக்டர் சக்கரம் இறங்கும்.

அதன்பிறகு முள் பொறுக்கும் வேலை. இதில் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள். காய்ந்த முள் மண்ணுக்குள் பல காலம் மக்காமல் கிடக்கும். ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஒடிந்தால் சீழ் வைக்கும். தடித்த அடியுள்ள பூட்ஸ், தோல் கையுறை இல்லாமல் ஆளை இறக்கவேண்டாம். முதலில் சட்டிக்கலப்பையால் (வட்டத்தகடு கலப்பை) ஒரு சால் உழவு, வேர் பொறுக்கல். குறுக்கே ஒன்பது கொத்துக் கலப்பையால் ஒரு சால், மறுபடி பொறுக்கல். சுழல் கத்தியால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் கடைசியில்தான். அவசரப்பட்டு முதலில் விட்டால் வேர் சுற்றிக்கொண்டு கத்தி வளையும்.

இனி இருப்பது மண்ணில் கிடக்கும் விதை. கடினத் தோல், பல வருடம் உயிரோடிருக்கும். அடுத்த மழைக்கு நிலம் முழுக்க முளைக்கும், பயப்படவேண்டாம். மழை பெய்து மூன்று வாரத்துக்குள், விரல் உயரம் இருக்கும்போது ஈரத்தில் பிடுங்கினால் வேரோடு வரும். மூன்று மாதம் விட்டால் மண்வெட்டி எடுக்கவேண்டியிருக்கும். அறுந்த தூர் ஏதாவது தப்பியிருந்தால் அதுவும் ஒரு மாதத்தில் துளிர் காட்டும். காட்டிய இடத்தில் குச்சி நட்டு, கடப்பாரையால் கழுத்துக்குக் கீழே வெட்டி எடுத்துவிடுங்கள். முதல் போகம் பணப்பயிர் ஆசை வேண்டாம். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து 45-ஆம் நாள் பூக்கும்போது மடக்கி உழுதால், நிழலில் முள்நாற்று அமுங்கும், மண்ணும் தேறும்.

தொழுவுரம் அடிப்பதானால் அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சீமைக்கருவேலங் காய் இனிப்பானது, மாடு விரும்பித் தின்னும். விதை வயிற்றில் அரைபடாமல் சாணத்தோடு வந்து இன்னும் நன்றாக முளைக்கும். காய் உதிரும் காலத்தில் மேய்ந்த மாட்டின் பச்சைச் சாணத்தை அப்படியே கொட்டினால், காசு கொடுத்துக் காட்டைத் திரும்ப விதைத்த கதைதான். குப்பைக்குழியில் போட்டு, இரண்டு மூன்று தரம் புரட்டி, சூடு ஏறி நன்றாக மட்கிய எருவாக மட்டும் வாங்குங்கள்.