ஜேன் ஜேம்ஸின் குடும்ப வரலாற்றைத் தேடிப் போனபோது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டிக்குக் குடிவந்த பிறகுதான் ஜேன் மானிங் ஜேம்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டேன். 1847 செப்டம்பரில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகளோடு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த கறுப்பினப் பெண். அடிமையாக இல்லை, கணவர் ஐசக், பிள்ளைகள் என்று சுதந்திரமான குடும்பமாக வந்தவர். அவருடைய கதையை ஆவணங்களிலிருந்தே கோத்துப் பார்க்க ஆசைப்பட்டேன்.

இந்த ஊரில் அதற்கு வசதி உண்டு. குடும்ப வரலாற்று ஆவணங்களுக்கென்றே மார்மன் திருச்சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் நூலகத்துக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் கிடையாது. அங்கே உதவிக்கு இருந்த வயதான அம்மா ஒருவர், "இறப்பிலிருந்து பின்னோக்கிப் போங்கள்" என்றார். அப்படியே செய்தேன்.

ஜேன் இறந்தது 1908 ஏப்ரல் 16. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் யூட்டாவில் மாநில அளவில் இறப்புப் பதிவு தொடங்கியிருந்தது. இறந்த தேதிக்கு அந்தப் பதிவை நம்பலாம். பிறந்த தேதி அப்படி இல்லை, அது யாரோ சொல்லி எழுதியது. அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள். 1890 ஏடுகள் வாஷிங்டன் தீவிபத்தில் பெரும்பாலும் போய்விட்டன. 1850க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. கனெக்டிகட்டில் சின்ன வயதிலேயே ஒரு வெள்ளையர் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட ஜேனை அதில் பெயரோடு பார்க்கவே முடியாது. பிறந்த ஆண்டு 1813 முதல் 1822 வரை இடத்துக்கு இடம் மாறுகிறது. நான் "1820ஐ ஒட்டி" என்று குறித்துக்கொண்டு நகர்ந்தேன். உறுதியாகத் தெரியாததை உறுதியாக எழுதுவது செத்துப் போனவருக்குச் செய்யும் அநியாயம்.

ஜேன் முதுமையில் சொல்லச் சொல்ல இன்னொரு பெண் எழுதி வைத்த தன்வரலாறு இருக்கிறது. 1843இல் பஃபலோவில் படகில் ஏற்ற மறுத்ததால், தாய், உடன்பிறந்தோர் எல்லாரும் அப்போது மார்மன்கள் கூடி வாழ்ந்த, இலினாய் மாநிலத்தின் நாவூ நகரத்துக்குச் சுமார் 800 மைல் நடந்தார்கள். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, மண்ணில் ரத்தச் சுவடு பதிந்தது என்கிறார். நின்று ஜெபித்தார்களாம், கால் ஆறியதாம். வழியில், அடிமை இல்லை என்று காட்டும் விடுதலைச் சீட்டு எங்கே என்று கேட்டு மிரட்டியதையும் சொல்கிறார். கணவரையும், இரண்டு பேர் தவிர மற்ற எல்லாப் பிள்ளைகளையும் புதைத்துவிட்டவர் சொன்னது இது.

ஆனால் என்னை உலுக்கியது வேறொருவருடைய நாட்குறிப்பு. 1849 ஏப்ரலில் எலைசா லைமன் என்ற வெள்ளைக்காரப் பெண் எழுதியது. கணவர் கலிஃபோர்னியா கிளம்பிவிட்டார், வீட்டில் மாவு இல்லை. ஜேன் ஜேம்ஸ் இரண்டு பவுண்டு மாவு கொடுத்தார், அது அவரிடம் இருந்ததில் ஏறக்குறைய பாதி என்று குறித்திருக்கிறார். அந்த ஆரம்ப வருஷங்களில் தன் பிள்ளைகள் ரொட்டி கேட்டு அழுததையும், கொடுக்க ஒன்றுமில்லாமல் தவித்ததையும் ஜேன் தன்வரலாற்றில் சொல்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்தப் பாதி மாவின் கனம் தெரிகிறது. அதனால் இப்படிப்பட்ட பெண்களைத் தேடுகிறவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்களின் கடிதம், நாட்குறிப்பு எதையும் விட்டுவிடாதீர்கள். அரசு ஏடு அவர்களை எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறது.

மார்மன் கோயில் பதிவுகளைப் படிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கோயிலுக்குள் நடக்கும் உயர்ந்த சடங்குகளுக்கு அனுமதி கேட்டு 1884இல் திருச்சபைத் தலைவர் ஜான் டெய்லருக்குக் கடிதம் அனுப்பினார் ஜேன். பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார். 1894இல் கிடைத்தது, திருச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்துக்கு நித்திய ஊழியக்காரியாக அவரை இணைக்கும் சடங்கு. அந்தச் சடங்குக்குக்கூட அவரை உள்ளே விடவில்லை, பதிலாக வேறொரு பெண் நின்றார். இந்தக் கோயில் சடங்குகளில் கறுப்பினத்தவர் மீதிருந்த தடை 1978இல்தான் நீங்கியது. மறு ஆண்டே அவர் கேட்ட சடங்கை அவர் பெயரில் செய்தார்கள். இதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத் தாளில் அப்படியே எழுதிவைத்தேன்.

இப்போது அவருடைய அம்மா ஃபிலிஸ் பக்கம் போயிருக்கிறேன். அடிமையாக இருந்து விடுதலையானவர். அவருக்காக, கனெக்டிகட்டில் அந்தக் குடும்பம் வாழ்ந்த வில்டன் ஊரின் பழைய ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.