கரடி ஸ்பிரே பைக்குள் இருந்தால் பயனில்லை

கரடி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. 30 மீட்டர் தள்ளி நிற்கும் கரடி உங்களை எட்ட இரண்டு விநாடிதான் ஆகும். அதற்குள் முதுகுப்பையைக் கழற்றி, ஜிப்பைத் திறந்து, துணிகளுக்கடியில் கரடி ஸ்பிரேயை, அதாவது கரடியை விரட்டப் பீய்ச்சும் மிளகாய்க் காரக் கேனை, துழாவ முடியாது. கேன் இடுப்பு பெல்ட்டிலோ நெஞ்சுப் பட்டையிலோ தொங்கட்டும். உருவி எடுத்து, கட்டைவிரலால் சேஃப்டி கிளிப்பைத் தள்ளுவதைக் கை தானாகச் செய்யும்வரை வீட்டிலேயே பழகுங்கள். பழகும்போது பீய்ச்சும் பித்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள்.

மனிதர்களிடமிருந்து காக்க விற்கும் சின்ன மிளகு ஸ்பிரே இதற்கு உதவாது. கரடிக்கென்றே தயாரித்த, குறைந்தது 225 கிராம் கொண்ட கேன் வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள். நாளானால் உள்ளழுத்தம் குறைந்து பீய்ச்சும் தூரம் சுருங்கிவிடும்.

பலர் தவறுவது குறி வைப்பதில். முகத்துக்கு நேராக அடித்தால், தலையைத் தாழ்த்திப் பாய்ந்து வரும் கரடிக்கு மேலே எல்லாம் போய்விடும். சுமார் 9 மீட்டர் தூரத்தில் வரும்போது, அதன் முன்கால்களுக்குச் சற்று முன்னால், கொஞ்சம் கீழ்நோக்கி அடியுங்கள். மேகம் போல எழும் அந்தப் புகைக்குள் கரடியே வந்து புகும். கேன் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். இரண்டு விநாடி அடித்துப் பார்த்து, வந்துகொண்டே இருந்தால் மறுபடி அடியுங்கள். திரும்பி ஓடினால் நீங்களும் மெல்லப் பின்வாங்குங்கள்.

கூடாரத்தின் மீதோ துணி மீதோ கொசுமருந்து போல அடித்து வைக்கவே வைக்காதீர்கள். காய்ந்த நெடி கரடியை இழுத்துவரும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடாதீர்கள், 50 டிகிரியைத் தாண்டினால் கேன் வெடிக்கலாம்.

ஸ்பிரே இல்லையென்றாலும் ஓடாதீர்கள். இரண்டு நண்பர்கள் கதையில் ஒருவன் மரமேறித் தப்பிப்பான். நிஜத்தில் வட அமெரிக்கக் கருங்கரடி அவனைவிட வேகமாக ஏறும். தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே பின்னால் நகருங்கள். பொய்ப்பாய்ச்சல் பாய்ந்து சில மீட்டரில் நின்றுவிடும் கரடிகளும் உண்டு. அப்போது அசையாமல் நில்லுங்கள்.

மேலே விழுந்தேவிட்டால், தற்காப்புக்காகத் தாக்கும் பழுப்புக் கரடியிடம் குப்புறப் படுத்து, பையைக் கழற்றாமல், கால்களை அகட்டி, விரல்களைக் கோத்துப் பின்கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். அது விலகிப் போனதும் உடனே எழக்கூடாது. கருங்கரடி என்றால் மூக்கிலும் கண்ணிலும் அடித்துப் போராடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கருங்கரடியிலும் பழுப்பு நிறம் உண்டு. பழுப்புக் கரடிக்குத் தோளில் திமில் புடைத்துத் தெரியும். இரவில் கூடாரத்துக்குள் நுழைவது எந்தக் கரடியானாலும் இரை தேடி வந்ததாகவே கொள்ளுங்கள். அங்கே செத்தது போல் கிடக்கக்கூடாது.